மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மாலையில் இடியுடன் கனமழை, இரவில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது, மறுநாள் காலையில் வீட்டுக் கணினி உயிர் பெறவில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே விசிறி ஒரு கணம் சுற்றி நின்றுவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால், மூடியைத் திறந்து பார்த்த சில நிமிடங்களிலேயே "மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குவதுதான் லாபம்" என்று சொல்லிவிட்டார்கள். மதர்போர்டு என்பது கணினியின் எல்லா உறுப்புகளும் வந்து இணையும் முதன்மைப் பலகை. ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப் அது. பிள்ளைகள் பிறந்த நாள் முதலான படங்களும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரான அவர் தயாரித்து வைத்திருக்கும் வினாத்தாள்களும் அதில்தான் இருக்கின்றன. வேறு நகல் இல்லை. கடைக்காரர் சொல்வதை நம்பலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இயந்திரம் பிழைக்குமா என்பது ஒன்று. கோப்புகள் பிழைக்குமா என்பது இன்னொன்று. உங்கள் கவலையெல்லாம் இரண்டாவதைப் பற்றியது என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை கற்று, பிறகு பல ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்துதான் பேசுகிறேன். உங்கள் கணினியை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

உறுதியான செய்தி முதலில். மதர்போர்டு உண்மையிலேயே போயிருந்தாலும் உங்கள் படங்களும் வினாத்தாள்களும் அதனால் போய்விடாது. அவை இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் அல்லது சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டியில். அது தனி உறுப்பு. ஆறு வயது டெஸ்க்டாப்பில் அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படிக்க முடியும். அன்றிரவு வந்த மின்னழுத்தம், சுவர் மின்சாரத்தை வாங்கி உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையைத் தாண்டி டிஸ்க் வரை பாய்ந்திருக்குமா என்பதுதான் நிச்சயமில்லாத பகுதி. அப்படி நடப்பதுண்டு. ஆனால் நான் பார்த்தவரையில் அடி பெரும்பாலும் பவர் சப்ளையோடு, அல்லது மதர்போர்டோடு நின்றுவிடுகிறது. எனவே நம்பிக்கையோடு இருங்கள், ஆனால் டிஸ்க்கை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். மற்ற சோதனை எல்லாம் அதற்குப் பிறகு. பழுதான பவர் சப்ளையோடு திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கும்போது, நல்ல டிஸ்க் ஒன்று அதனோடு இணைந்திருப்பதில் எந்த நன்மையும் இல்லை.

எடுப்பது கடினமில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினால் பக்கவாட்டுத் தகடு வந்துவிடும். கணினிக் கூட்டின் வர்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு கனமான உலோகப் பெட்டி போல இருக்கும், அதில் அகலமாக ஒன்றும் குறுகலாக ஒன்றும் என இரண்டு கேபிள்கள் செருகியிருக்கும். எஸ்எஸ்டி என்றால் தட்டையான சிறு பெட்டியாக இருக்கலாம், அல்லது சுவிங்கம் பட்டை அளவில் மதர்போர்டின் மேலேயே ஒரு திருகாணியில் படுத்திருக்கலாம். இவற்றை யுஎஸ்பி வழியாக இணைக்கும் அடாப்டர் கணினிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க் 12 வோல்ட்டும் கேட்கும், அதனால் தனி மின்சாரச் செருகி உள்ள அடாப்டர்தான் வேண்டும். பட்டை வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. எது என்று தெரியாவிட்டால் அதையே கடைக்கு எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள்.

வேறு கணினியில் இணைத்ததும் மூன்று விதமாக நடக்கலாம். கோப்புகள் அப்படியே தெரிந்தால் உடனே இரண்டு இடங்களில் நகலெடுங்கள். "இதை ஃபார்மட் செய்ய வேண்டுமா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த இடத்தில் அவசரத்தில் அழுத்தும் ஒரு பட்டன், மீட்கக்கூடியதை மீட்க முடியாததாக ஆக்கிவிடும். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீரான தட்டல் சத்தம் வந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதற்கு மேல் தொடாதீர்கள். படிக்கும் முனை சேதப்பட்டிருக்கலாம், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தகட்டில் கீறல் கூடும். அது தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களின் வேலை. டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சைப் பலகையை வேறொரு டிஸ்க்கிலிருந்து கழற்றி மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் அளவீடுகளும் அதன் சொந்தப் பலகையில் பதிந்திருக்கும், அவற்றை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் இப்போதைய டிஸ்க்குகள் அநேகமாகப் படிக்காது.

இன்னொரு தடை வரலாம், இதைக் கடைகளில் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். டிஸ்க்கை இணைத்ததும் மீட்புச் சாவி கேட்டால், அது பிட்லாக்கர் பூட்டு, டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. சில கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே, உரிமையாளருக்குத் தெரியாமலேயே அந்தப் பூட்டு விழுந்துவிடுகிறது. பூட்டின் திறவு பழைய மதர்போர்டிலுள்ள பாதுகாப்புச் சில்லுவோடு கட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினாலும், டிஸ்க்கை வேறிடம் கொண்டுபோனாலும் 48 இலக்கங்கள் கொண்ட சாவி வேண்டும். கைப்பேசியிலிருந்தே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவியும் இல்லை, பழைய மதர்போர்டும் இல்லை என்றால் நல்ல நிலையிலிருக்கும் டிஸ்க்கும் திறக்காது. பழைய மதர்போர்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

இனி கடைக்காரரின் தீர்ப்புக்கு வருகிறேன். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. சரியாகவும் இருக்கலாம். ஆனால் சில நிமிடங்களில் அதைச் சொல்ல முடியாது. மதர்போர்டு பழுது என்பது மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கடைசியில் வந்து சேர வேண்டிய முடிவு. தொழிற்சாலைச் சோதனைப் பிரிவில் முதல் நாளிலேயே கற்றுத் தருவது இதைத்தான்: நல்லது என்று நிரூபணமான உறுப்பை மாட்டிப் பார்க்காமல் எந்த உறுப்பையும் கெட்டது என்று எழுதாதே. கடையில் வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தார்களா? நினைவக ரேமைக் கழற்றி மாற்றிப் பார்த்தார்களா? கேளுங்கள். பார்த்தோம் என்றால் அவர்கள் சொல்லுக்கு எடை உண்டு. பார்க்கவில்லை என்றால் அது ஊகம்தான்.

விசிறி ஒரு கணம் சுற்றி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் பயனுள்ள அடையாளம் அது. பவர் சப்ளை முழுவதுமாகச் செத்திருந்தால் விசிறி அசையவே அசையாது. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பவர் சப்ளைக்கு "தொடங்கு" என்று ஒரு குறிப்பு அனுப்புகிறது. பவர் சப்ளை எழுந்து, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய மூன்று பாதைகளும் சீராகிவிட்டன என்றால் "மின்சாரம் சரி" என்று பதில் அனுப்புகிறது. எங்காவது குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) இருந்து மின்னோட்டம் அளவு மீறினால், தன்னையும் மற்றவற்றையும் காப்பாற்றிக்கொள்ளப் பவர் சப்ளை உடனே அணைந்துவிடும். ஆகவே உங்கள் கணினியில் நடப்பது இரண்டில் ஒன்று: பவர் சப்ளை எழுந்து நிற்கத் திராணியில்லாமல் விழுகிறது. அல்லது அது நலமாக இருந்து, அதற்கு அப்பால் எங்கோ ஒரு குறுக்குச் சுற்று அதை அணைக்கிறது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றேதான். நல்ல பவர் சப்ளையை மாட்டினால்தான் இரண்டும் பிரியும். இடிமழைக்குப் பிறகு வருகிற கணினிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது பவர் சப்ளையைத்தான்.

அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டுச் சுவர் சுவிட்சில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். விசிறி ஒரு கணமாவது அசைவதால் பிளக்கின் ஃபியூஸ் போகவில்லை என்று தெரிகிறது, அதை விட்டுவிடலாம். விசைப்பலகை, சுட்டி, பிரிண்டர், இணையக் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்து பாருங்கள். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் எதையாவது திணித்து உள்ளிருக்கும் தகடு வளைந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தாலே கணினி இப்படி எழுந்து விழும். பிறகு ரேமைக் கழற்றி, இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும், டிக் என்று இரு பக்கப் பூட்டும் விழும்வரை அழுத்திச் செருகுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, மதர்போர்டிலும் திரைக்கான துளை இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு முயலுங்கள். ஒவ்வொரு முறையும் சுவர் பிளக்கைப் பிடுங்கிய பிறகே உள்ளே கை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானபோது எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

மூடியைத் திறந்திருக்கும்போதே கண்ணையும் மூக்கையும் பயன்படுத்துங்கள். மதர்போர்டில் ஒரு சிறு விளக்கு, பிளக் செருகியிருக்கையில் கணினி அணைந்திருந்தாலும் எரியும் மாடல்கள் உண்டு. அது எரிந்தால் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்து சேர்கிறது என்று அர்த்தம். உருளை வடிவ மின்தேக்கிகளின் (கெபாசிட்டர்) தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு தெரிந்தாலோ அது பழுது. கருகிய வாடை பவர் சப்ளையின் காற்றுத் துளையில் வருகிறதா, இணையக் கேபிள் செருகும் இடத்தருகே வருகிறதா என்று பாருங்கள். நம் ஊர்க் கணினிகளில் இன்னொன்றும் உண்டு. மதர்போர்டின் ஓரத்தில், கூட்டுத் தகட்டுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில், காய்ந்த பல்லிக் குஞ்சு ஒன்று இரண்டு ஈயப் பற்றுகளுக்குக் குறுக்கே படுத்திருப்பதை நான் பலமுறை எடுத்திருக்கிறேன். கதகதப்பைத் தேடி உள்ளே போகிற பல்லியும் எறும்பும் குறுக்குச் சுற்றுக்குப் போதும். கடற்கரை ஓரத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) உப்புக் காற்றும் ஈரமும் ரேமின் தங்கநிறப் பற்களை மங்கவைக்கும். அதனால்தான் கழற்றிச் செருகினாலே பல கணினிகள் எழுந்துகொள்கின்றன.

பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு ஏறி மின்தேக்கியில் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் இருக்கும். பழைய பவர் சப்ளைகளின் முதுகில் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும், அது 230இல் இருக்க வேண்டும். 115க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் வெடிச் சத்தத்தோடு போய்விடும். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துச் சோதிக்கும் வழியைக் காணொளிகளில் காட்டுவார்கள். அந்தச் சோதனை பவர் சப்ளை தொடங்குகிறது என்பதை மட்டுமே காட்டும், பாரம் தாங்குமா என்பதைக் காட்டாது. உங்களுக்கு வேண்டிய பதில் இரண்டாவதுதான், ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

நல்ல பவர் சப்ளைக்கு எங்கே போவது? உறவினர் வீட்டில் வேலை செய்யும் டெஸ்க்டாப் இருந்தால் ஒரு மாலைக்கு அதையே கடன் கேட்கலாம். இரண்டு எச்சரிக்கைகள். பெரிய நிறுவனங்களின் சிறிய அலுவலக மாடல்கள் சிலவற்றில் மதர்போர்டு இணைப்பி தனி வடிவத்தில் இருக்கும், வழக்கமான 24 பின் இணைப்பி பொருந்தாது. கேபிளைக் கழற்றக்கூடிய பவர் சப்ளை என்றால், அதற்குரிய கேபிள்களையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். துளை பொருந்தினாலும் ஒயர் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய கேபிளைப் புதிய பவர் சப்ளையில் செருகி டிஸ்க்கை எரித்தவர்கள் உண்டு. கடன் கிடைக்காவிட்டால் கோம்தார், பிராங்கின் மால் பக்கத்துக் கணினிக் கடைகளில், "நல்ல பவர் சப்ளையை மாட்டிச் சோதிக்க என்ன கட்டணம்?" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு லோ யாட் பிளாசா. சோதனைக்குக் காசு வாங்குவதில் தவறில்லை. சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் தவறு.

அன்றிரவு உங்கள் ரௌட்டருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. இடி மின்னலில் வரும் அழுத்தம் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. இணையக் கேபிள் செப்புக் கம்பி, அதுவும் ஒரு வாசல். கண்ணாடி இழையில் வரும் இணையம் மின்னலைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் அதன் முனையிலுள்ள ரௌட்டர் சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது, அதிலிருந்து செப்புக் கேபிள் கணினிக்கு வருகிறது. கணினி செருகியிருந்த ரௌட்டர் துளை மட்டும் செத்திருந்தால், மதர்போர்டிலுள்ள இணையச் சில்லு அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கடைக்காரர் பக்கம் நானும் சாய்வேன். உங்கள் கணினி வைஃபையில் ஓடியது என்றால் இந்தச் சந்தேகம் எழாது.

இதே சிக்கல் போலத் தெரிந்து வேறாக இருப்பவை பற்றிச் சுருக்கமாக. விசிறி நிற்காமல் சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால், திரையின் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டு துளையில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ரேம். சி.ஆர். 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி தப்பாகும், அமைப்புகள் அழியும், சில மதர்போர்டுகள் திரை காட்டவும் முரண்டு பிடிக்கும். திரையில் எழுத்து வந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் மின்சாரப் பழுது இல்லை. துளையில் மறந்துபோன பென்டிரைவைப் பிடுங்குங்கள், டிஸ்க்கை பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் தொடக்க நிரல்) அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். தொடக்கம் அடுத்தடுத்துத் தடைபட்டால் விண்டோஸ் தானாகவே பழுது நீக்கும் திரையைக் கொண்டுவரும்.

மதர்போர்டுதான் என்று உறுதியானால் என்ன செய்வது? ஆறு வயது கணினிக்கு அதே பொருத்தமுள்ள புதிய மதர்போர்டு கிடைப்பது அரிது, பழையதை வாங்கினால் அதன் ஆயுளுக்குப் பொறுப்பில்லை. ஆனால் நாம் பினாங்கில் இருக்கிறோம். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய நாள் முதல் சில்லுகளோடும் சர்க்யூட் பலகைகளோடும் வேலை செய்த கைகள் இங்கே ஏராளம். அவர்களில் சிலர் ஓய்வுக்குப் பிறகு பலகை அளவிலேயே பழுது பார்க்கிறார்கள், குறுக்குச் சுற்றான ஒரு சின்ன உறுப்பை மட்டும் மாற்றித் தருவார்கள். பிட்லாக்கர் சாவி இல்லாத நிலையில் அந்த வழியைத்தான் முதலில் முயல வேண்டும். மற்றபடி, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் கணக்கில் எடுங்கள். உங்கள் கணினியின் செயலி (பிராசசர்) இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் விண்டோஸ் 11 ஏற்கும், செலவு செய்யலாம். அதற்கு முந்தையது என்றால் மதர்போர்டுக்குப் பெருந்தொகை கொடுக்க நான் சொல்ல மாட்டேன். பவர் சப்ளை மட்டும்தான் பழுது என்றால் எந்தத் தலைமுறை ஆனாலும் மாற்றுங்கள், புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

எந்த முடிவானாலும் டிஸ்க் இல்லாமலேயே பெட்டியைக் கடையில் கொடுங்கள். மதர்போர்டையும் பவர் சப்ளையையும் சோதிக்க டிஸ்க் தேவையில்லை. அது இல்லாமலே திரையில் பயாஸ் எழுத்து வரும். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தரச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மாணவர்களின் பெயரும் மதிப்பெண்களும் டிஸ்க்கில் இருக்கும் என்பதால், அதோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் பெட்டியைப் போடவும் வேண்டாம்.

வேறு பவர் சப்ளை மாட்டியதும் விசிறி நிற்காமல் சுற்றினால், பழையதை வீசிவிட்டுப் புதியது வாங்கி, பிளக்கோடு ஒரு அதிர்ச்சித் தடுப்பானும் (சர்ஜ் புரொடெக்டர்) போடுங்கள். அதன் உள்ளுறுப்பு ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும், காப்பு விளக்கு அணைந்தால் மாற்றிவிட வேண்டும். இடி நெருங்கினால் பிளக்கையும் இணையக் கேபிளையும் பிடுங்குவதுதான் அதைவிட உறுதி. மாட்டிய பிறகும் விசிறி அதேபோல நின்றால், மதர்போர்டின் மாடல் எண், அந்தச் சிறு விளக்கு எரிகிறதா, ரௌட்டர் துளை உயிரோடு இருக்கிறதா ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எந்த இடத்தை அளந்து பார்க்கச் சொல்லிக் கடையில் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.